திங்கட்கிழமைக்குள்

மாரிக்கண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் அவன் மனைவி பொன்மணிக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "குழாய் வேலை" என்பாள். கேட்டவர்கள் வீட்டுக் குழாயில் ஒழுக்கு அடைக்கக் கூப்பிடுவார்கள். அவனும் மறுக்காமல் போய் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவான்.

உண்மையில் அவன் வேலை, மண்ணுக்குள் கிடக்கும் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றி வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோகிற கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் அது. ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். போகிற வழியெல்லாம் கரிசல். கரிசலுக்கு உப்பு அதிகம். ஒரு மழை பெய்தாலும் ஈரத்தை லேசில் விடாது. அதில் வெறும் இரும்பைப் புதைத்தால் சில வருஷங்களில் அங்கங்கே பொத்தல் விழுந்துவிடும்.

அதற்காகக் குழாய்க்குக் கறுப்பு உறை சுற்றியிருந்தார்கள். உறையில் கீறல் விழுந்த இடத்தில் மண் வேலையைக் காட்டிவிடும் என்பதால், குழாய்க்குப் பக்கத்திலேயே மக்னீசியக் கட்டிகளைப் புதைத்து ஒயரால் இணைத்திருந்தார்கள். இரும்புக்கு முன்னால் அந்தக் கட்டி கரையும். அது இருக்கிறவரை குழாய்க்கு ஒன்றும் ஆகாது. கட்டி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்க வழி நெடுக மஞ்சள் வர்ணம் அடித்த கம்பங்கள் நட்டிருந்தார்கள். மாரிக்கண்ணன் பைக்கில் கம்பம் கம்பமாகப் போவான். தரையைக் கொஞ்சம் நனைத்து, நீலத் தண்ணீர் அடைத்த ஒரு குழலை அதில் ஊன்றுவான். மீட்டரின் ஒரு ஒயரைக் குழலிலும் இன்னொன்றைக் கம்பத்திலும் தொடுத்து, வருகிற எண்ணைக் குறித்துக்கொள்வான். எண்ணூற்றைம்பது மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் குழாய் நலம். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தக் கம்பத்தில் கரண்ட் இருப்பதாக நினைத்து ஆடுகளை அண்ட விடமாட்டார்கள். அவனும் அந்த நினைப்பைக் கலைத்ததில்லை.

அவனுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி. முத்துச்செல்வி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய் இவனை ஐடிஐ படிக்க வைத்தாள். அம்மாவும் போன பிறகு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது மாரிக்கண்ணன்தான். தங்கச்சாமியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பழக்கம். பட்டாசுக் கம்பெனியில் பேன்சி ரகம் செய்கிற கை. சிரிக்க ஆரம்பித்தால் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பான், பக்கத்தில் இருப்பவனுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வரும். கல்யாணம் முடிகிறவரை "ஏலே" என்று கூப்பிட்டவனை, தாலி கட்டிய அன்றிலிருந்து மாரிக்கண்ணன் "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்றுதான் பேசினான். அவனும் "மச்சான்" என்று மரியாதையாகவே இருந்தான். கனிஷ்கா பிறந்தாள். செல்வி சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

குழாய்க்குப் பக்கத்தில் கட்டிகளைப் புதைத்த வருஷம், தங்கச்சாமியின் கம்பெனி லைசன்ஸ் புதுப்பிக்காமல் மூடிக் கிடந்தது. குழி தோண்ட ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்டபோது மாரிக்கண்ணன்தான் அவனைக் கூட்டிவந்தான். நாள் முழுக்கக் கடப்பாரை போடுவான். மத்தியானம் இருவரும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். முதல் நாள் லாரியிலிருந்து கட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றும் வெள்ளைப் பருத்திப் பைக்குள் மாவு போல ஏதோ நிரப்பித் தைத்திருந்தது. பையின் மேல் நீல மையில் எண்.

"என்ன மச்சான், தலகாணி மாதிரி தச்சு வச்சிருக்கு?"

"உள்ள மக்னீசியம் இருக்கு மாப்ள. சுத்தி அந்த மாவு இருந்தாத்தான் சீராக் கரையும்."

"மக்னீசியமா? நம்ம வெள்ளை வெளிச்சத்துக்குப் போடுறதா?" தங்கச்சாமி ஒரு பையைத் தூக்கி எடை பார்த்தான். "இம்புட்டையும் மண்ணுக்குள்ள போட்டு மூடப்போறீகளாக்கும்?"

"மூடணும். இது கரைஞ்சாத்தான் குழாய் நிக்கும்."

"காச கரியாக்குறது எங்க வேலைன்னு நெனச்சேன். நீங்க மண்ணாவே ஆக்குறீகளே மச்சான்" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். மாரிக்கண்ணனும் சிரித்தான். குழிகளை மூடி, கம்பங்களை நட்டு, வேலை முடிந்தது. கம்பெனி திறந்ததும் தங்கச்சாமி பட்டாசுக்கே திரும்பிப் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு கம்பத்தில் எண் சட்டென்று இறங்கியிருந்தது. மீட்டர் கோளாறு என்று நினைத்து ஒயரை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தான். அடுத்த கம்பத்தில் சரியாகக் காட்டியது. அதற்கடுத்த இரண்டிலும் மறுபடி இறங்கியிருந்தது. ஆள் வைத்துத் தோண்டினான். ஒயர் இருந்தது, நுனியில் கட்டி இல்லை. குழிக்குள் வெள்ளை மாவு மட்டும் சிந்திக் கிடந்தது.

அலுவலகத்தில் இன்ஜினியர் யோகேஸ்வரியிடம் சொன்னான். விருதுநகர்க்காரி, எண்ணெய்க் கடை வீட்டுப் பெண். படித்து முடித்து வந்து சில வருஷம்தான் ஆகிறது. ஆனால் குழாயைப் பற்றி ஒன்று சொன்னால் பத்து புரிந்துகொள்வாள். போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"செம்புக்காகத் திருடுறவன்னா ஒயரைத்தான் உருவியிருப்பான், அண்ணே. இவன் ஒயரை விட்டுட்டுக் கட்டியை எடுத்திருக்கான். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு. எங்க இருக்குன்னும் தெரிஞ்ச ஆளு."

கட்டி எந்தக் கம்பத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குழி தோண்டியவர்களுக்குத்தான் தெரியும். தோண்டியவர்களை மாரிக்கண்ணன் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ஒருவனிடம் வந்ததும் மனசு அங்கேயே நின்றுகொண்டது.

"இப்பவே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு" என்றாள் யோகேஸ்வரி. "இப்படியே விட்டா மூணு நாலு வருஷத்துல குழாய் பொத்தலாயிரும். அந்த ஊர்களுக்கு வேற தண்ணியும் கிடையாது. திங்கக்கிழமை போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துருவோம். அதுக்குள்ள மிச்சக் கம்பத்தையும் பாத்துட்டு எத்தனை போயிருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் சனிக்கிழமை. மிச்சக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனவன் செல்வியின் ஊர் வந்ததும் வண்டியைத் திருப்பினான். செல்வி வாசலில் உட்கார்ந்து கனிஷ்காவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடி மோர் கொண்டுவந்தாள்.

"என்ன அண்ணே, மொகம் வாடிப்போயிருக்கு? சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். மாப்ள எங்க?"

செல்வி குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனியத்தான் மறுபடி சீல் வச்சுட்டாகள்ல. கண்மாய்க்கு அங்கிட்டு ஒரு செட்டு பிடிச்சிருக்காக. யாரோ ஏஜென்டு ஆர்டர் குடுத்திருக்கானாம். வேண்டாம்னுதான் நானும் சொல்றேன். சீசன்ல சும்மா இருந்தா வருஷம் பூரா எப்படிப் போகும்னு சொல்லுதாக. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

அவன் மோரைக் குடித்துவிட்டு எழுந்தான். செல்வி "இருங்க, இருங்க" என்று உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். "மதினிக்குச் சீனியவரைக்கா புடிக்கும்ல. கொல்லையில காச்சது. கொண்டு போங்க."

வெள்ளைப் பருத்திப் பை. நன்றாகத் துவைத்திருந்தாள். ஆனாலும் நீல மை முழுதாகப் போகவில்லை. பாதி எண் அப்படியே தெரிந்தது.

"இந்தப் பை ஏது செல்வி?"

"அவுகதான் கொண்டாந்தாக. நல்ல கெட்டித் துணி. இன்னும் கெடக்கு. கனிஷ்காவுக்குச் சாப்பாட்டுப் பை கூட இதுலதான் தச்சேன்."

கனிஷ்கா ஓடிப்போய் அந்தச் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்து மாமாவிடம் காட்டினாள். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு பூ போட்டிருந்தது. "நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகை இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளேயிருந்து வந்த தங்கச்சாமியின் புருவம், காது, கழுத்து எல்லாம் அரைத்த மக்னீசியப் பொடி படிந்து சாம்பல் பூத்து மினுங்கியது. மச்சானைக் கண்டதும் முதலில் சிரித்தான். வண்டியில் தொங்கிய பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏலே தங்கச்சாமி" என்றான் மாரிக்கண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த வார்த்தை வாயில் வந்தது. "உன்னையக் கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டிக் குடுத்தேன் பாரு."

தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "மண்ணுக்குள்ள கரையத்தான மச்சான் போட்டிருக்கீக? அங்கன கரைஞ்சா என்ன, இங்கன எரிஞ்சா என்ன?" என்றான். சண்டைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படித்தான் அவன் தன் மனசைச் சமாதானப்படுத்தியிருந்தான் போல.

"அங்கன கரைஞ்சா ஊருக்குத் தண்ணி வரும். உம் மக குடிக்கிற தண்ணி."

"மூணு மாசமா வேலை இல்ல மச்சான். ஒங்ககிட்ட வந்து நிக்க மனசு வரல. மருந்து வெளிய வாங்கினா ஏஜென்டு குடுக்குறதுல ஒண்ணும் மிஞ்சாது. அதான் புத்தி கெட்டுப்போச்சு. மிச்சக் கட்டி நாலு இருக்கு. திருப்பிப் போட்டுர்றேன். யாருக்கும் தெரியாமப் பொதச்சுர்றேன்."

"தெரிஞ்சுபோச்சு. இன்ஜினியர் மேடம் போலீசுக்குப் போறாக. தோண்டுன ஆளுக ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு விசாரிப்பாக. இங்கன வந்து இதப் பாத்தா திருட்டுக் கேசு மட்டுமில்ல, வெடிமருந்துக் கேசும் சேந்து வரும். வெளிய வர வருஷக்கணக்கு ஆகும். செல்வி என்ன செய்வா?"

தங்கச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தான். மாரிக்கண்ணன் கையில் போன் இருந்தது. யோகேஸ்வரியைக் கூப்பிட்டு இந்த நிமிஷமே சொல்லிவிட்டால் அவன் பங்கு முடிந்தது. கூப்பிட வேண்டும் என்று தோன்றவும் செய்தது. மினுங்குகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"கட்டிய எல்லாம் எங்கிட்டக் குடுத்திரு. நான் குழிக்குள்ள போட்டுக்கிடுதேன். திங்கக்கிழமைக்குள்ள இங்கன எல்லாம் காலியாகணும். ஒண்ணும் இருக்கக்கூடாது. கொட்டகை வெறும் கொட்டகையா இருக்கணும். கேட்டியா?"

"கேட்டேன் மச்சான்."

நான்கு கட்டிகளையும் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக் கொடுத்தான். கிளம்பும்போது தங்கச்சாமி வண்டியைப் பிடித்துக்கொண்டு, "செல்விகிட்டத் திருட்டுன்னு சொல்லிராதீக" என்றான். மாரிக்கண்ணன் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து பொன்மணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். பொன்மணி சீனியவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "சொல்லிட்டு வந்துட்டீகள்ல. கேட்டுக்கிடுவாக. தங்கச்சி குடும்பம் தப்பிச்சுதுன்னு இருங்க" என்றாள். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. புரட்டாசிக்கு அப்படியொரு மழை அந்தப் பக்கத்தில் அபூர்வம். ஊரே வாசலில் நின்று பார்த்தது. மாரிக்கண்ணனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அரைத்த மருந்தில் ஈரம் பட்டால் சூடேறும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவனுக்கு அது நினைவுக்கு வந்ததும் உள்ளே போய்ப் போனை எடுத்தான். தங்கச்சாமியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். மூன்றாவது முறை அடிக்கப்போகும்போது செல்வியின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊர்க்காவலன் போனில் வந்தார்.

"மாரிக்கண்ணா, ஆசுபத்திரிக்கு வா. தங்கச்சாமிய ஆம்புலன்சுல ஏத்திருக்கு."

பிறகு ஊர்க்காவலன்தான் சொன்னார். வேலைக்கு வருகிற இரண்டு பேரையும் தங்கச்சாமி காலையிலேயே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். அரைத்து வைத்த பொடியை டப்பா டப்பாவாகப் பழைய கல்குவாரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தான். பாதி முடிந்திருந்தது. மழை வந்ததும் ஒதுங்கியிருக்கலாம். தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மிச்ச டப்பாவையும் தூக்கினான். ஆடு ஓட்டிவந்த ஒருத்தி டப்பாவிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம்தான். மழையிலும் அணையவில்லை.

சிவகாசியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மாரிக்கண்ணன் பொன்மணியைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செல்வி தீக்காய வார்டுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அழுது முடித்த முகம். மாரிக்கண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்திருந்த கையையே பார்த்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள எல்லாம் காலியாகணும்னு சொன்னீகளாம்ல அண்ணே" என்றாள். "ஆயிருச்சு."

மாரிக்கண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொன்மணி வேண்டாம் என்று அவன் தோளைத் தொட்டாள்.

"மழை வருது, நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு நானும் கெஞ்சினேன்" என்று செல்வி சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மச்சான் சொல்லிட்டுப் போயிருக்காக, அவுக மொகத்துல முழிக்கணும்ல, இன்னைக்கு முடிச்சிருதேன்னு போனாக." அதோடு நிறுத்திக்கொண்டாள். அண்ணனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் தங்கச்சாமி இறந்துபோனான்.

பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றபோது யோகேஸ்வரி போனில் கூப்பிட்டாள். "அண்ணே, ஸ்டேஷனுக்குக் கிளம்புறேன். எத்தனை போயிருக்குன்னு பாத்துட்டீங்களா?"

"மேடம்" என்றான் மாரிக்கண்ணன். "எடுத்தது எம் மாப்ள. நான்தான் அவனக் குழி தோண்டக் கூட்டிவந்தேன். சனிக்கிழமையே எனக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லல. அவன் செத்துப்போயிட்டான்."

அவள், "நீங்க அங்க இருங்க. இதை நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் அடக்கத்துக்கு அவளே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது வழக்கம். மாரிக்கண்ணன் சேலை வாங்கிக்கொண்டு போய் நின்றான். கூடப் பிறந்தவனைக் கண்டால் கட்டிப்பிடித்து அழுகிற நேரம் அது. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொந்தக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொன்மணி அவன் கையிலிருந்து சேலையை வாங்கிச் செல்வியின் தோளில் போட்டாள். செல்வி பொன்மணியைக் கட்டிக்கொண்டு, "மதினி, மதினி" என்று கதறினாள். மாரிக்கண்ணன் இரண்டடி தள்ளி வெறுங்கையோடு நின்றான்.

போலீஸ் வந்து விசாரித்து, மாரிக்கண்ணனிடம் இருந்த நான்கு கட்டிகளையும் வாங்கிக்கொண்டு கேஸை முடித்தது. குற்றவாளி என்று எழுத வேண்டியவன் உயிரோடு இல்லை. லைசன்ஸ் இல்லாத கொட்டகை என்பதால் செல்விக்கு உதவி எதுவும் வரவில்லை. ஏஜென்ட் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மாரிக்கண்ணன் வேலை போய்விடும் என்றுதான் இருந்தான். யோகேஸ்வரி காண்ட்ராக்டரிடம் என்ன பேசினாளோ, வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குச் சில நாள் தோன்றும்.

புதுக் கட்டிகள் வந்தன. புதைக்கிற வேலையை வேறு ஆளை வைத்துச் செய்கிறேன் என்று யோகேஸ்வரி சொன்னாள். அவன் கேட்கவில்லை. தங்கச்சாமி தோண்டிய குழிகளைத் தானே நின்று தோண்ட வைத்தான். ஓர் இடத்தில் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். உறையில் ஒரு கீறல் இருந்தது. யோகேஸ்வரி பள்ளத்துக்குள் இறங்கி அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். இரும்பு மங்காமல் இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

"குழாய்க்கு ஒண்ணும் ஆகல, அண்ணே" என்று நிமிர்ந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் துடைத்த துணியை மடித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். மாரிக்கண்ணன் கரையில் உட்கார்ந்துவிட்டான். எதற்காக அந்த அவசரம்? மூன்று நான்கு வருஷம் தாங்கியிருக்கும் குழாய். திங்கட்கிழமை போனால் செவ்வாய்க்கிழமை. நேராகப் போலீஸுக்குப் போயிருந்தால் மாப்பிள்ளை இன்றைக்கு ஜெயிலில் இருப்பான். செல்வி வாரம் ஒருமுறை மதுரைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். அண்ணனைத் திட்டியிருப்பாள். திட்டித் தீர்த்திருப்பாள். எந்தப் பக்கம் போய் யோசித்தாலும் தங்கச்சாமி உயிரோடு இருக்கிறான். மாரிக்கண்ணன் போன ஒரு பக்கத்தில்தான் அவன் இல்லை.

செல்வி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மாரிக்கண்ணன் அரிசி கொடுத்துவிட்டால் மூட்டை பிரிக்காமல் திரும்பி வந்தது. பொன்மணி போனால் உட்கார வைத்துப் பேசினாள், காப்பி கொடுத்தாள், மதினி என்றாள். அண்ணன் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "நான் என்ன செய்யட்டும்?" என்று பொன்மணி வீட்டுக்கு வந்து அழுவாள். "நீ போயிட்டு இரு. அது போதும்" என்பான் அவன். அந்தப் பக்கத்துக் கம்பங்களைப் பார்க்கப் போகும்போது ஊருக்குள் நுழையாமல் கண்மாய்க் கரையாகவே போய்விட்டு வந்தான். எண்கள் எல்லாம் சரியாகக் காட்டின.

வருஷம் திரும்பியது. கனிஷ்காவுக்குக் காதுகுத்து தள்ளிக்கொண்டே போய்விட்டது, இனியும் விட முடியாது என்று ஊர்க்காவலன் வந்து சொன்னார். குலசாமி கோயிலில் வைத்திருப்பதாகவும், தாய்மாமன் மடி இல்லாமல் முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "செல்வி என்ன சொல்லுது?" என்று மாரிக்கண்ணன் கேட்டான். "சரின்னுச்சு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணும் சொல்லல. தலையாட்டுச்சு" என்று திருத்திக்கொண்டார்.

கம்மல், பட்டுப்பாவாடை, பழம், தேங்காய் என்று சீர்த்தட்டோடு போனார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு கனிஷ்கா அவன் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் கனத்திருந்தாள். செல்வி கோயில் தூணுக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றாள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தபோது கனிஷ்கா அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, வலிக்குமா?" என்றாள்.

"கொஞ்சந்தான்."

"நீங்க ஏன் எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கீக?"

ஆசாரி ஊசியைக் குத்தினார். பிள்ளை வீரிட்டு அழுதது. அவன் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று. இரண்டாவது காதுக்குத் தலையைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஆசாரி, "மாமன் அழுதா எப்படி? புள்ள பயப்படும்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாத் தாய்மாமனும் அழுகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் செல்வி வந்தாள். குனிந்து மகளைத் தூக்கியபோது அவள் கை அவன் கையில் பட்டது. அவன் "செல்வி" என்றான். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள். பொன்மணி நின்ற இடத்துக்குப் போய் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன சொல்லுச்சு?" என்று பொன்மணியிடம் கேட்டான்.

"சாப்பிட்டுப் போகச் சொல்லச் சொல்லுச்சு."

பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். குழம்பு ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் பின்னால் வந்து நின்றார்கள். தங்கச்சி சாப்பிடச் சொன்ன சோறு. அவன் உருண்டை உருட்டி வாயில் வைத்தான், விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.